வீடு தேடி வரும் கண் பரிசோதகர்



"பாட்டிக்கு வயசாயிருச்சு, கண்ணு மங்கத்தானே செய்யும்?" இந்தப் பேச்சைக் கேட்காத தோட்டத்து வீடு உண்டா? நானும் ஒரு காலத்தில் இதையே சொன்னவன்தான். என் தாயார் வாசற்படியில் அடிக்கடி தடுக்கி விழத் தொடங்கியபோது, "மெதுவாக நடங்கள் அம்மா" என்று சொன்னேனே தவிர, கண்ணைச் சோதிக்க அழைத்துப் போகவில்லை. பிறகு போனபோது காலம் கடந்துவிட்டது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கெட்டுப் போயிருந்தது. இழந்த பார்வை திரும்பவே இல்லை. ஒரு வாத்தியார் வீட்டிலேயே இப்படி நடந்தது. அதனால்தான், வீட்டுக்கே வந்து கண்ணைச் சோதிக்கும் ஒருவருடைய வேலையைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

அவரை 'ஆப்டோமெட்ரிஸ்ட்' என்பார்கள். கண்பார்வைப் பரிசோதகர் என்று நாம் சொல்லலாம். அவர் கண்ணை அறுத்துச் சிகிச்சை செய்யும் மருத்துவர் அல்லர். கண்ணாடி விற்பவர் மட்டுமும் அல்லர். பார்வையை அளப்பது, தகுந்த கண்ணாடியை எழுதிக் கொடுப்பது, நோயின் அடையாளம் தெரிந்தால் மருத்துவரிடம் அனுப்புவது ஆகியவை அவர் பணி. நம் நாட்டில் 1991ஆம் ஆண்டின் ஆப்டிகல் சட்டப்படி, பதிவு பெற்றவர்களே இத்தொழிலைச் செய்யலாம்.

இவர்கள் பெரும்பாலும் கண்ணாடிக் கடையிலும் மருத்துவமனையிலும் வேலை செய்கிறார்கள். ஆனால், வாதம் வந்து படுத்தவரும் இடுப்பு ஒடிந்தவரும் பட்டணத்துக்கு எப்படிப் போவார்கள்? அத்தகையவர்களுக்காகவே சிலர் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு வீடு தேடிப் போகிறார்கள். பிரிட்டனில், தனியாக வெளியே போக முடியாத நோயாளிகளுக்கு வீட்டிலேயே பார்வைச் சோதனை செய்ய அரசாங்கச் சுகாதாரச் சேவையே செலவை ஏற்கிறது.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி இந்த வேலையில் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு நானும் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போனேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டிய பாட்டி அவர். விழுந்து தொடை எலும்பு முறிந்ததிலிருந்து நாற்காலியே கதி.

"வாங்க வாத்தியாரே, கூட யாரு? குரலு புதுசா இருக்கே" என்றார். முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. குரலைக் கேட்டுக் கேட்டார்.

மாணவி உடனே கருவியை எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, முன்னே செய்த எந்த வேலையை இப்போ விட்டுட்டீங்க?" என்று கேட்டாள். "அரிசியில கல்லு பொறுக்குவேன்மா. இப்போ மருமக பிடுங்கிக்கிட்டா" என்றார் பாட்டி. பிறகு மருந்துப் பொட்டலங்களைப் பார்த்தாள். இனிப்பு நீருக்கான மாத்திரை இருந்தது. பாட்டி போட்டிருந்த கண்ணாடியைக் கேட்டாள். அது இறந்துபோன தாத்தாவின் கண்ணாடி! ஒருவர் கண்ணுக்கு அளந்தது மற்றவர் கண்ணுக்கு எப்படிப் பொருந்தும்?

பிறகு மூன்று மீட்டர் தூரத்தில் அட்டையை மாட்டினாள். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. அதனால் சீப்பின் பற்களைப் போல மூன்று கோடுகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் அடையாளம். அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கம் விரலைக் காட்டினால் போதும். இப்படிப்பட்ட அட்டைகளுக்கு வழிகாட்டி, ஹாலந்து நாட்டு மருத்துவர் ஸ்நெல்லன் 1862இல் வெளியிட்ட எழுத்து அட்டை. அடுத்து ஒரு சிறு விளக்கின் ஒளியைக் கண்ணுக்குள் அசைத்து, அது திரும்பி வரும் விதத்தைப் பார்த்தாள். நோயாளி வாய் திறக்காமலேயே கண்ணாடியின் அளவை இதனால் கணிக்கலாம். பேச முடியாதவர்களுக்கு இது பேருதவி. கண்ணின் அழுத்தத்தையும் கைக்கருவியால் அளந்தாள்.

வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. இடது கண்ணில் அது தொடக்கம்தான்; சரியான கண்ணாடியைப் பொருத்தியதும் கீழ் வரிசை வரை விரல் காட்டினார் பாட்டி.

அதன் பின் மாணவி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கடையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்காத பாடம் இங்கேதான் கிடைக்கிறது. பாட்டி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். புரை உள்ள கண்ணுக்கு நேரே வரும் வெளிச்சம் கூசும். நாற்காலியைத் திருப்பி, வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து வரும்படி செய்தாள். அறுபது வயதுக் கண்ணுக்குள் புகும் ஒளி, இருபது வயதுக் கண்ணுக்குள் புகுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதானாம். எனவே நல்ல விளக்குப் போடச் சொன்னாள். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு தெரியாது. வண்ணத் தட்டிலோ வாழை இலையிலோ போடச் சொன்னாள். படியின் விளிம்பில் வெள்ளைச் சாயம் பூசச் சொன்னாள். இவற்றுக்கெல்லாம் என்ன பெரிய செலவு?

ஆனால், வீட்டில் எல்லாச் சோதனையும் செய்ய முடியாது. இனிப்பு நீர் உள்ளவருக்குக் கண்ணின் பின்திரையைப் பெரிய கருவியால் பார்க்க வேண்டும். புரைக்கு அறுவை வேண்டும். ஆகவே அரசாங்க மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, "வண்டி வைத்தாவது கூட்டிப் போங்கள்" என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

சில மாதங்கள் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையை வைத்திருந்தார்கள். பாட்டி மடியில் அரிசி முறம். என்னை நிமிர்ந்து பார்த்து, "என்ன வாத்தியாரே, தலையெல்லாம் இப்படி நரைச்சிருச்சு!" என்றார். அந்த வார்த்தை எனக்கு இனித்தது. அதே நேரத்தில் என் தாயாரின் நினைவும் வந்தது.

நேயர்களே, மூன்று செய்திகளை மனத்தில் வையுங்கள். ஒன்று, வயதானவர் வழக்கமான வேலையை விட்டுவிட்டால், தடுக்கி விழுந்தால், முதலில் கண்ணைச் சோதியுங்கள். இரண்டு, இனிப்பு நீர் உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை கண்ணைக் காட்டுங்கள். கண் அழுத்த நோயும் பெரும்பாலும் வலியில்லாமலே பார்வையைத் திருடும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும். நானும் இப்போது தவறாமல் சோதித்துக்கொள்கிறேன். மூன்று, வீடு வீடாகக் கண்ணாடி விற்க வருகிறவர் எல்லாரும் பரிசோதகர் அல்லர். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். உண்மையான பரிசோதகர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்? இன்று மாலை உங்கள் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்து கேளுங்கள்: "நான் உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறேனா?"