கத்தியும் கன்னமும்



ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவனைப் பேச அழைத்தால், அவன் கல்வியைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோதான் பேசுவான் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நான் எடுத்துக்கொண்ட பொருள் சவரம். அதிலும், கடையில் வாங்கிச் சில நாளில் எறிந்துவிடும் பிளாஸ்டிக் ரேஸரால் செய்துகொள்ளும் சவரம் அன்று. மடக்கி வைக்கும் நீண்ட கத்தியைக் கையிலேந்தி, ஒருவன் தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ளக் கற்கும் வித்தை. பொருள் சிறிது என்று எண்ணிவிட வேண்டா. தலையை மழிப்பதையும் சடை வளர்ப்பதையும் பற்றித் திருவள்ளுவரே கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் ஒரு குறள் செலவிட்டிருக்கிறார்.

எங்கள் வீடு மலைக்கோட்டையின் அடிவாரத்தில், ஆண்டார் வீதியை அடுத்த ஒரு சந்தில் இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில், நான் சிறுவனாயிருந்த காலத்தில், காலை வேளைகளில் நாவிதர் ஒருவர் அங்கே வருவார். அவர் கக்கத்தில் ஒரு தோற்பை இருக்கும். அதற்கு அடப்பம் என்று பெயர். மடக்குக் கத்திகள் இரண்டு, கத்தரி, கைக்கண்ணாடி, பித்தளைக் கிண்ணி, காதுக் குறும்பி வாங்கி, ஒரு படிகாரக் கட்டி, இவ்வளவும் அதற்குள் அடங்கும். சவுக்காரம் மட்டும் இராது. கிண்ணியிலிருந்து நீரைத் தொட்டுத் தொட்டுக் கன்னத்தில் தடவி, விரல்களால் நெடுநேரம் தேய்ப்பார். திண்ணையில் அமர்ந்திருப்பவர் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். கதை சூடு பிடிக்கும் தறுவாயில் கத்தி கன்னத்தில் ஏறும். உடனே கதை நின்றுவிடும்.

காவிரிக்கு அக்கரையில், திருவரங்கத்து அம்மாமண்டபப் படித்துறையிலும் இதே கத்திதான். நீத்தார் கடன் செய்ய வந்தவர் எத்துணைப் பெரிய மனிதராயினும், ஆற்றில் மூழ்குமுன் அந்தக் கத்தியின்கீழ்த் தலை குனிவார். சமயபுரத்தில் குழந்தைக்கு முதல் முடி இறக்குவதும் அதே கைத்தொழிலார். பிறப்பிலும் இறப்பிலும் இவரின்றி நம் வீடுகளில் ஒன்றும் நடந்ததில்லை. தமிழ்நாட்டில் இவர்களுக்கு மருத்துவர் என்ற பெயரும் உண்டு. கட்டி கீறுவதும் புண் ஆற்றுவதும் இவர்கள் வேலையாயிருந்தன. இவர்கள் வீட்டுப் பெண்டிர் மருத்துவச்சிகளாகப் பேறு பார்த்தனர். ஐரோப்பாவிலும் இப்படித்தான். லண்டன் நகரில் நாவிதரும் அறுவை மருத்துவரும் 1540 முதல் 1745 வரை ஒரே சங்கத்தில் இருந்தார்கள். பிரிந்தபின் அறுவை மருத்துவருக்கு மதிப்பு உயர்ந்துகொண்டே போயிற்று. நம் நாட்டிலோ, மருத்துவர் என்ற பெயர் மட்டும் எஞ்சியது. கத்தி பிடித்த கைக்கு வசைச் சொல்லே கூலியாயிற்று.

வசைச் சொல் என்று நான் பொதுவாகச் சொல்லவில்லை. படிக்காத பிள்ளையைப் பார்த்து, 'நீ சிரைக்கத்தான் போகிறாய்' என்று சொல்லும் ஆசிரியர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். நான் பணியாற்றிய பள்ளிகளுள் ஒன்றில், 1999-ஆம் ஆண்டில், இந்தச் சொல் ஒன்பதாம் வகுப்பில் ஒருவர் வாயிலிருந்து வந்தது. எந்தப் பையனைப் பார்த்துச் சொன்னாரோ அவன் சிரித்துவிட்டான். இரண்டு பெஞ்சு தள்ளி அமர்ந்திருந்த வேறொரு பையன், கணக்கில் முதல் மதிப்பெண் வாங்குபவன், பேனாவை மூடி வைத்தான். அவன் வீட்டுத் தொழில் அது. மறுநாளிலிருந்து நான்கு நாட்கள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

ஐந்தாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். பையனின் பாட்டனார் வாசலில் அமர்ந்து, ஆணியில் மாட்டிய தோல்வாரில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். "உட்காருங்கள், பெரியவரே" என்று சொல்லி நானும் அருகில் அமர்ந்தேன். வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் வாரைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, "பையன் நாளைக்கு வருவானுங்க, ஐயா. அந்த வாத்தியாரய்யாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நான்தானுங்க சவரம் செய்யிறேன். அவர் கழுத்து என் கையிலேதான் இருக்கும். அதை அவர் நினைச்சுப் பார்த்ததில்லை போலிருக்கு" என்றார். சினம் சிறிதும் இல்லை. கத்தி வாரில் போய் வந்துகொண்டேயிருந்தது. மறுநாள் பையன் வந்தான். அந்தச் சொல் மீண்டும் வகுப்பறைகளில் எழாதபடி செய்ய வேண்டியதை நான் செய்தேன். ஆனால், அந்தத் தொழில் எவ்வளவு கடினமென்று அறியாமல் அதைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை என்ற எண்ணம் பிறந்தது. அந்த ஆண்டுக் கோடை விடுமுறையில் பெரியவரிடமே மாணவனாகச் சேர்ந்தேன்.

தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்வது என்பது வரலாற்றில் பிந்தி வந்த பழக்கமே. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரான்சு நாட்டில் பெரே என்னும் கத்தி செய்யும் கொல்லர், தானே சவரம் செய்துகொள்ளக் கற்பது எப்படி என்று விளக்க ஒரு நூலே எழுத வேண்டியிருந்தது. காந்தியடிகள் தம் வரலாற்றில் எழுதியுள்ள நிகழ்ச்சியும் நினைவிற் கொள்ளத்தக்கது. இங்கிலாந்து செல்வோர் சவரமாவது கற்றுத் திரும்புவர், முடி வெட்டிக்கொள்ளக் கற்பதில்லை என்கிறார் அவர். தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியா நகரில், ஒரு வெள்ளைக்கார நாவிதர் அவருக்கு முடி வெட்ட மறுத்துவிட்டார். காந்தியடிகள் கருவி வாங்கிவந்து கண்ணாடிமுன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஒருவாறு அமைந்தது, பின்பக்கம் கெட்டது. நீதிமன்றத்து நண்பர்கள் எலி கடித்ததோ என்று நகைத்தனர். அந்த நாவிதரை அவர் குறை கூறவில்லை. நம் ஊர் நாவிதரைத் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்க்கு வேலை செய்ய நாம் விட்டோமா என்று தம்மவரையே கேட்டார். பிள்ளைகளுக்கு அந்நூலிலிருந்து ஒரு பக்கம் மட்டும் படித்துக்காட்டச் சொன்னால், நான் இந்தப் பக்கத்தைத்தான் எடுப்பேன்.

இனி கத்திக்கு வருவோம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் ஆகிய இரண்டு ஊர்களின் எஃகுக் கத்திகள் உலகெங்கும் பேர்பெற்றவை. முதுகு தடித்து, இருபக்கமும் குழிவாகத் தேய்க்கப்பட்டு, வாய்ப்பக்கம் மிக மெல்லியதாக இருக்கும். தொடங்குபவருக்கு அகலம் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு போதும். முனை கூராக இராமல் உருண்டிருக்க வேண்டும். கூர்முனையும் பழகாத கையும் சேர்ந்தால் காதுமடலுக்குக் கேடு.

எஃகைவிட மயிர் ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையானது. அப்படியிருக்க, மயிரை வெட்டும் கத்தி ஏன் மழுங்குகிறது? நானும் பல ஆண்டுகள், வாய் சிறிது சிறிதாகத் தேய்ந்து உருண்டுவிடுகிறது என்றே எண்ணியிருந்தேன். எல்லாரும் அப்படித்தான் எண்ணினார்கள். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் 2020-இல் நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்தபோது, எஃகின் விளிம்பில் நுண்ணிய சில்லுகள் பெயர்வதைக் கண்டார்கள். மயிர் வளைந்து, கத்தி சாய்வாக அதைத் தாக்கும்போது, எஃகின் உள்ளமைப்பில் ஒரே சீராக இல்லாத இடம் விளிம்பில் அமைந்திருந்தால் அங்கே சில்லு பெயர்கிறது. பௌதிகம் பயிலும் மாணவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். நீரில் ஊறிய மயிர் இன்னும் மெதுவாகி எளிதில் அறுபடும். நாவிதர் நெடுநேரம் தேய்த்தது வீண்பொழுது அன்று.

தீட்டுவதில் இரண்டு வகை உண்டு. கல்லில் தீட்டுவது வாயைப் புதிதாக உண்டாக்குவதற்கு. ஆண்டிற்குச் சில முறை போதும். வாரில் தீட்டுவது, இருக்கின்ற வாயை நேராக்குவதற்கு. ஒவ்வொரு சவரத்திற்கு முன்பும் வேண்டும். கல்லில் வாய் முன்னே செல்லும். வாரில் முதுகு முன்னே செல்லும். இந்த ஒன்றை மாற்றிச் செய்தால் வாரும் கிழியும், கத்தியும் கெடும். வாரை இழுத்துப் பிடித்து, கத்தியைப் படுக்கையாக வைத்து, அழுத்தாமல் கொண்டுபோக வேண்டும். கோடியில் திருப்பும்போது முதுகின்மேல் புரட்ட வேண்டும். வாயின்மேல் ஒருபோதும் புரட்டலாகாது. முப்பது, நாற்பது முறை போய் வந்தால் போதும். பெரியவர் என்னை முதல் இரண்டு வாரமும் வாரைத் தவிர வேறொன்றையும் தொடவிடவில்லை. வேகம் கூடாது என்பார். எளிதிலிருந்து அரிதிற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் மனப்பாடம் செய்து தேறியவன் நான். அந்தப் பாடத்தை நடத்திக் காட்டக் கண்டது இவரிடந்தான்.

மூன்றாம் வாரம் ஒரு பலூனை ஊதி, சோப்பு நுரை பூசி, அதை மழிக்கச் சொன்னார். வெடித்துச் சிதறிய பலூன்களின் கணக்கை என் பேரப்பிள்ளைகளிடம் சொல்வதில்லை. பலூன் வெடிக்காத நாளுக்கு மறுநாள் கன்னத்திற்கு அனுமதி கிடைத்தது. அதுவும் காதோரத்திலிருந்து கன்னத்தின் நடுவரை மட்டுமே. எஞ்சிய முகத்திற்குப் பழைய ரேஸரே. தாடை மூன்று வாரம் கழித்து. மேலுதடும் மோவாயும் அதற்கும் பின்னர். தொண்டை எல்லாவற்றிற்கும் இறுதியில்.

செய்முறை இது. குளித்தவுடன், அல்லது வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்த பிறகு, நுரையைப் பிரஷினால் வட்டமாகத் தேய்த்துப் பூச வேண்டும். பிடியை மேலே மடக்கி, அலகின் கழுத்தை மூன்று விரல்களும் கீழிருந்து பெருவிரலும் தாங்க, சிறுவிரல் வாலின்மேல் அமரட்டும். மற்றக் கையால் தோலை இறுக இழுத்துப் பிடிக்க வேண்டும். இந்த வித்தையில் பாதி அந்த மற்றக் கையில் இருக்கிறது. கத்தி தோலுக்கு ஏறத்தாழ முப்பது பாகை சாய்வில் நிற்கட்டும். நிமிர்ந்து நின்றால் கீறும். மிகப் படுத்தால் மயிரை இழுக்கும். மயிர் வளரும் திசையிலேயே சிறு சிறு இழுப்பாக, கத்தியின் எடைக்கு மேல் எடை கொடாமல் கொண்டு செல்ல வேண்டும். கத்தி எப்போதும் வாய்க்குக் குறுக்கான திசையிலேயே நகர வேண்டும். வாயின் நீளவாக்கில், வெள்ளரிக்காய் அரிவதுபோல் ஓர் இம்மி நகர்ந்தாலும் தோல் பிளந்துவிடும். இதைப் பெரியவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார். சொல்லும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

சிறு கீறலுக்குக் குளிர்ந்த நீரும் படிகாரமும் போதும். வேலை முடிந்ததும் கத்தியைத் துடைத்து ஈரம் போக்கி, தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி தடவி வைக்க வேண்டும். கார்பன் எஃகு நம் ஊர்க் குளியலறையில் ஓரிரவிலேயே துருப்பிடிக்கும். கை நடுங்கும் நாளிலும், பரீட்சைக்கு ஓடும் அவசரத்திலும் இக்கத்தியைத் தொட வேண்டா. கண்ணாடிமுன் நிற்கும்போது கதவு தாழிட்டிருக்கட்டும்; குழந்தைகள் ஓடிவந்து முழங்காலைக் கட்டிக்கொள்ளும் வீடுகள் நம்முடையவை.

ஒருவர் கத்தியை மற்றொருவர் பயன்படுத்தவே கூடாது. இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாக 1986-இல் சென்னையிற் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். இரத்தத்தின் வழியே மஞ்சட்காமாலைக் கிருமியும் பரவும். இவற்றைப் பற்றிய விழிப்புணர்வு பரவியபின் சவரக் கடைகளில் பழைய கத்தி மறைந்தது. அதே வடிவக் கைப்பிடியில், ஆளுக்கொரு புதிய பாதி பிளேடு மாட்டும் கருவி வந்தது. பெரியவரும் வாடிக்கையாளருக்கெல்லாம் பாதி பிளேடுதான் பயன்படுத்தினார். சோலிங்கன் கத்தி அவர் முகத்துக்கு மட்டும். நீங்கள் கடைக்குச் சென்றால், உறையைப் பிரித்துப் புதிய பிளேடு மாட்டுவதைக் கண்ணாற் பாருங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டா. நல்ல தொழிலாளர் கேட்காமலே காட்டுவர்.

திருக்கோயில்களில் முடி காணிக்கைக்கு இனிக் கட்டணம் இல்லை என்று தமிழ்நாட்டரசு 2021-இல் அறிவித்தபோது, அங்குப் பணிபுரியும் தொழிலாளர்க்கு மாதந்தோறும் ஊக்கத்தொகை வழங்கவும் முடிவு செய்தது. பெரியவர் அதைக் காண இல்லை. அந்தக் கணக்குப் புலிப் பையன் இப்போது தில்லைநகரில் குளிர்சாதன வசதியோடு முடிதிருத்தகம் நடத்துகிறான். நான்கு பேருக்கு வேலை கொடுத்திருக்கிறான். பட்டம் பெற்றவன், விரும்பியே வந்தான். பாட்டனாரின் கல்லும் வாரும் என்னிடம் இருக்கின்றன. கத்தியை மட்டும் அவன் தரவில்லை. பிடரி முடியைச் சீர்செய்ய மாதம் ஒரு முறை அவனிடந்தான் போகிறேன். என் கழுத்தோரம் சவரத்தில் விடுபட்டிருக்கும் நாலு மயிரை அவன் கண்ணாடியிற் காட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறான்.