வீட்டைத் தாண்டிய வைராக்கியம்: திண்டுக்கல் சமவெளிப் பெண்களின் பிற்கால வாழ்க்கை வரலாறுகள்

தாமே வேண்டி இளமையைத் துறந்த பெண்கள் தமிழ் நினைவில் இருவர். திருமணப் பேச்சு எழுந்தபோது விநாயகரை வேண்டிக் கிழவியானவர் அவ்வை என்பது ஊர்தோறும் வழங்கும் கதை. கணவன் தன்னைத் தெய்வமென வணங்கி விலகியபின், உடலின் அழகை உதறிப் பேயுருவை வேண்டியவர் காரைக்கால் அம்மையார் என்று பெரியபுராணம் சொல்கிறது. இளமை உள்ளவரை பெண் ஒரு வீட்டுக்கு உரியவள், அது கழிந்த பிறகே வழியும் ஊரும் அவளுக்குத் திறக்கும் என்ற சமூக அனுபவம் இரு கதைகளிலும் படிந்திருக்கிறது. கதையில் ஒரு வரத்தால் கடந்த அந்தத் தூரத்தை, களையெடுத்தும் தறிக்குத் தார் சுற்றியும் பிழைக்கும் பெண் எதைக் கொண்டு கடக்கிறாள் என்பதே பெண்களின் பிற்கால வாழ்க்கை வரலாறுகளை ஆராயும் துறையின் அடிப்படைக் கேள்வி.

இத்துறைக்கு வேண்டிய சொல் மக்கள் பேச்சிலேயே இருக்கிறது. 'வைராக்கியம்' என்பது சமய நூல்களில் பற்றறுத்தலைக் குறிக்கும். திண்டுக்கல், மதுரைப் பக்கத்துப் பேச்சில் அது எடுத்த காரியத்தை விடாத பிடிவாதத்தைக் குறிக்கும். கணவனை இழந்து பிள்ளைகளை ஆளாக்கியவளை ஊர் 'வைராக்கியக்காரி' என்று மதிப்போடு சொல்லும். ஆனால் அந்த வைராக்கியத்தின் பயன் பெரும்பாலும் பிறருக்கே போய்ச் சேர்கிறது: மகனின் படிப்பு, மகளின் நகை, மாமியாரின் மருந்து. 'எனக்குன்னு' என்று தொடங்கும் வாக்கியம் அவள் பேச்சில் வெகு தாமதமாகவே வருகிறது. அவ்வாக்கியம் பிறக்கும் தருணமே ஆய்வாளர் கவனிக்க வேண்டிய திருப்பம்.

பிற்காலம் எந்த வயதில் தொடங்குகிறது என்பதற்கு ஒரே விடை கிடையாது. அரசுக் கணக்கில் முதியோர் என்பது அறுபது. பெண்ணின் வாழ்விலோ கடைசி மகளைக் கட்டிக்கொடுத்த நாள், மருமகள் வீட்டுக்கு வந்த நாள், மாதவிலக்கு நின்ற காலம், தாலி இறங்கிய நாள் ஆகியவை எல்லைக் கற்களாக நிற்கின்றன. இளவயதில் மணமானவள் நாற்பது வயதுக்குள் பாட்டியாகிவிடுவதும் உண்டு. ஆகவே இத்துறையில் வயதைக் காட்டிலும் பொறுப்புகள் கைமாறும் கட்டத்தை அளவாகக் கொள்வது பொருந்தும்.

1985 செப்டம்பரில் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான திண்டுக்கல் மாவட்டத்தின் சமவெளி, பெண் உழைப்பால் ஆனது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும் காய்கறி, நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகை, சின்னாளபட்டிச் சேலை, வேடசந்தூர்ப் பகுதி நூற்பாலை என எல்லாவற்றிலும் பெண்களின் கை இருக்கிறது. கூலி வேலைக்கு ஓய்வு வயது கிடையாது. அலுவலகத்தில் பணி செய்தவருக்கு ஓய்வு ஒரு நாளில் வருகிறது. பூப்பறிக்கும் பெண்ணுக்கு உடம்பு மறுக்கும்வரை அது வருவதில்லை. இந்தப் பகுதியில் பிற்கால மலர்ச்சி என்பது ஓய்வுக் காலப் பொழுதுபோக்காக இருக்க முடியாததற்குக் காரணம் இதுவே. உழைப்பின் நடுவிலேயே அது நேர வேண்டும்.

இம்மண்ணோடு தொடர்புடைய முதல் பெரும் சான்று வேலு நாச்சியார். 1730இல் பிறந்தவராகக் கருதப்படும் இவர், 1772இல் காளையார்கோவில் போரில் கணவர் முத்து வடுகநாதரை இழந்தபோது நாற்பதைக் கடந்திருந்தார். பழனி சாலையில் மலையடிவாரத்தில் உள்ள விருப்பாட்சியின் பாளையக்காரர் கோபால நாயக்கர் அவருக்குப் புகலிடம் தந்தார். திண்டுக்கல்லைத் தன் ஆட்சியில் வைத்திருந்த ஹைதர் அலியின் படை உதவியையும் பெற்று, 1780இல் அவர் சிவகங்கையை மீட்டார். அப்போது வயது ஏறக்குறைய ஐம்பது. போரின் வீரத்தையே பாடிப் பழகிய வரலாறு, இடைப்பட்ட எட்டு ஆண்டுகளைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறது. கணவனை இழந்து அயலூரில் தங்கிய ஒரு பெண் நட்புகளைத் தேடி, நம்பிக்கையைக் கட்டி, படை சேர்த்த காலம் அது. தன்னைக் கண்டடைதல் நிகழ்ந்தது விருப்பாட்சியில்தான். சிவகங்கை அதன் விளைவு.

இருபதாம் நூற்றாண்டின் சான்று காந்திகிராமத்தில் இருக்கிறது. டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகளாக 1904இல் பிறந்த சௌந்தரம், சிறு வயதில் மணமாகி இளமையிலேயே கணவரை இழந்தவர். கைம்பெண்ணை ஒரு மூலையில் இருத்தும் வழக்கம் ஓங்கியிருந்த காலத்தில் தில்லிக்குச் சென்று மருத்துவம் படித்து, 1936இல் முப்பத்திரண்டு வயதில் மருத்துவரானார். 1940இல் காந்தியின் ஆசியோடு கோ. இராமச்சந்திரனை மணந்தார். இருவரும் 1947இல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவியபோது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. மகப்பேறு மருத்துவமும் கிராமக் கல்வியும் அங்கே வேரூன்றின. 1956இல் தொடங்கிய கிராமிய உயர்கல்வி நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 1962இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்று மத்திய அரசில் கல்வித் துணை அமைச்சராகவும் அவர் பணியாற்றினார். வசதியான குடும்பத்தில் பிறந்தது அவருக்கு வழி திறந்தது என்பது மெய். அந்த வழியைத் தனக்குப் பின்னால் சாத்திவிடாமல் பிறருக்கும் திறந்துவைத்ததில்தான் அவர் வாழ்க்கையின் பெருமை இருக்கிறது.

அப்படித் திறந்த வழியில் வந்தவர் கிருஷ்ணம்மாள். திண்டுக்கல் பகுதியைச் சேர்ந்த பட்டிவீரன்பட்டியில் நிலமற்ற தலித் குடும்பத்தில் 1926 ஜூன் 16 அன்று பிறந்தார். கருவுற்றிருந்த காலத்திலும் கடும் வேலை செய்த தாய் நாகம்மாளின் உழைப்பே அவருடைய முதல் பாடம். சௌந்தரத்தின் ஆதரவோடு மதுரையில் கல்லூரிப் படிப்பை முடித்தார். சர்வோதயத் தொண்டர் ச. ஜெகந்நாதனை 1950இல் மணந்தார். இருவரும் வினோபாவின் பூமிதான இயக்கத்தில் இறங்கினர். இதுவரை உள்ளதே ஒரு முழு வாழ்க்கைக்குப் போதும். ஆனால் அவரை உலகம் அறியச் செய்த பணி நடுவயதுக்குப் பிறகே தொடங்கியது.

1968 டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சையின் கீழவெண்மணியில் நாற்பத்து நான்கு தலித் உழைப்பாளர்கள் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கிருஷ்ணம்மாளுக்கு அப்போது நாற்பத்து இரண்டு வயது. பிறந்த மண்ணை விட்டு கீழத்தஞ்சைக்குச் சென்று அம்மக்களோடு தங்கினார். பதின்மூன்று ஆண்டுக் கள அனுபவத்துக்குப் பின் 1981இல், ஐம்பத்தைந்து வயதில், உழுபவரின் நில விடுதலைக்கான 'லாப்டி' அமைப்பை இருவரும் தொடங்கினர். நிலவுடைமையாளரிடம் பேசி நியாய விலைக்கு நிலத்தைப் பெறுவது, வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்வது, விளைச்சலிலிருந்து அதை அடைப்பது என்பது அதன் வழிமுறை. இவ்வாறு ஏறக்குறைய 13,000 நிலமற்ற குடும்பங்கள், குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் அளவில் நிலம் பெற்றன. பத்திரம் பெண்கள் பெயரில் பதிவாயிற்று. வாழ்நாள் முழுவதும் இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி என்று அறியப்பட்ட பெண்ணுக்கு, அரசு ஏட்டில் தன் பெயர் தலைப்பாக எழுதப்பட்ட முதல் ஆவணம் அந்தப் பத்திரமாகவே இருந்திருக்கக்கூடும். பெண்ணின் தன்வரலாற்றைத் தேடுவோர் பத்திரப் பதிவு ஏடுகளையும் ஒரு மூலமாகக் கொள்ள வேண்டும்.

1990களில் நாகைக் கடலோரத்து வயல்கள் இறால் பண்ணைகளாயின. உப்புநீர் நிலத்தடியில் இறங்கி, குடிநீரும் நெல்வயலும் கெட்டன. அறுபது வயதைக் கடந்திருந்த கிருஷ்ணம்மாள் கிராமப் பெண்களைத் திரட்டி அறவழியில் போராடினார். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்காற்று மண்டலத்தில் அத்தகைய பண்ணைகளைத் தடுக்கும் தீர்ப்பை வழங்கியது. 2008இல் எண்பத்திரண்டு வயதில் கணவரோடு வாழ்வுரிமை விருதும், 2020இல் பத்மபூஷணும் அவரை அடைந்தன. பிறருக்கு ஓய்வு தொடங்கும் வயதில் ஒரு புதிய இயக்கத்தைத் தொடங்கியவர் என்ற ஒன்றே அவர் வாழ்க்கையை இத்துறையின் முதன்மைப் பாடமாக்குகிறது.

மதுரை மாவட்டத்துச் சின்னப்பிள்ளை மற்றொரு வகைச் சான்று. எழுதப் படிக்கத் தெரியாதவர். வயல்வேலைக்கு ஆள் சேர்த்துக் கூலி பேசித் தரும் கொத்துத் தலைவியாக இருந்து, களஞ்சியம் என்னும் பெண்களின் சேமிப்பு இயக்கத்தின் தலைவியானார். 2001இல் ஸ்திரீ சக்தி விருது வழங்கிய மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ வந்தது. கலைத்துறையில் பரவை முனியம்மாவைச் சொல்லலாம். நெடுங்காலம் கோயில் கொடைகளிலும் வயல்களிலும் ஒலித்த நாட்டுப்புறக் குரல் அது. 2003இல் வெளியான 'தூள்' படத்தின் வழியாக அறுபதை ஒட்டிய வயதில் தமிழகம் முழுவதும் அறிமுகமானார். இருவரிடமும் திறமை முன்பே இருந்தது. பிற்காலத்தில் கிடைத்தது அத்திறமைக்கான அரங்கம்.

இவ்வாழ்க்கைகளை அருகருகே வைத்துப் பார்த்தால், வைராக்கியம் வீட்டு எல்லையைத் தாண்டுவதற்கு மூன்று துணைகள் தேவைப்பட்டிருப்பது விளங்கும்: கூடி நிற்க ஒரு கூட்டம், கையில் சொந்தக் காசு, தன் பெயரில் ஓர் ஆவணம்.

கூட்டம் என்ற துணையை மகளிர் சுய உதவிக் குழுக்கள் பரவலாக்கின. தமிழகத்தில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய முயற்சி, 1997 முதல் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் விரிந்தது. வாரக் கூட்டத்தில் வட்டமாக உட்கார்ந்து தன் பெயரைத் தானே சொல்வதும், கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு மாறுவதும் பல பெண்களுக்கு நடுவயதில் நேர்ந்த மாற்றங்கள். 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களிடம் சேர்த்தது. சொந்தக் காசு என்ற துணைக்கு ஊரக வேலை உறுதித் திட்டம் பெரிதும் உதவியது. 2006 பிப்ரவரியில் நாட்டில் முதலில் அது நடைமுறைக்கு வந்த மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. 'நூறு நாள் வேலை'யில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி தரப்பட்டது. தனியார் காட்டில் கூப்பிடத் தயங்கும் வயதுடைய பெண்களும் அதில் வேலை பெற்றனர். வங்கிக் கணக்கும் அவர்கள் பெயரிலேயே ஏற்பட்டது.

ஆவணம் என்ற துணைதான் மிகத் தாமதமாக வந்தது. 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தம் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தது. ஆனால் அதற்கு முன்பே மணமானவர்களை அது விலக்கியது. நாடு முழுவதற்குமான 2005ஆம் ஆண்டுத் திருத்தமே அந்த விலக்கை நீக்கியது. 1989க்கு முன் தாலி கட்டிக்கொண்ட ஒரு தலைமுறைப் பெண்களுக்குப் பிறந்த வீட்டுச் சொத்துரிமை நடுவயதிலோ முதுமையிலோதான் வந்தது. அதைக் கேட்டால் அண்ணன் தம்பி உறவும், தாய்மாமன் சீரும் முறியுமே என்று அஞ்சி ஒதுங்கியவர்களும் உண்டு. உரிமையைப் பெற்ற கதையோடு, அதை விட்டுக்கொடுத்த கதையும் வாழ்க்கை வரலாற்றில் இடம்பெற வேண்டும்.

இவ்வரலாறுகளைத் திரட்டும் முறையில் தனிக் கவனம் தேவை. வங்காளத்தின் ராஸசுந்தரி தேவி மறைவாகத் தானே எழுத்துக் கற்று, முதுமையை நெருங்கிய வயதில் 'அமார் ஜீபன்' என்ற தன்வரலாற்றை வெளியிட்டார். அவ்வாறு எழுதக்கூடியவர் சிலர். மற்றவர்களின் வாழ்க்கை பேச்சில் இருக்கிறது. புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்த வீரம்மாவின் வாழ்க்கை, ஜோசியான் ரசீன் பல ஆண்டுகள் அவரோடு பேசிப் பதிவு செய்ததால் நூலாயிற்று. ஒரே நாளில் வினாப்பட்டியலோடு சென்று திரும்புவோருக்கு அத்தகைய பேச்சு கிடைக்காது.

முதிய பெண்கள் ஆண்டுக் கணக்கில் நினைவைச் சொல்வதில்லை. திண்டுக்கல் பகுதியில் 1973 இடைத்தேர்தலில் மாயத்தேவர் இரட்டை இலையில் வென்ற ஆண்டு, மாவட்டம் பிரிந்த ஆண்டு, எம்.ஜி.ஆர். மறைந்த ஆண்டு ஆகியவற்றோடு பிள்ளைப்பேறுகளைப் பொருத்திக் காலவரிசையை அமைக்கலாம். நேர்முகக் கேள்விக்கு 'என்னத்த சொல்ல' என்று ஒதுங்குபவர், ஒப்பாரியில் தன் பிறந்தகம், கணவன், பட்ட பாடு அனைத்தையும் பாடிவிடுவார். ஒப்பாரியும் ஒரு தன்வரலாற்று வடிவமே. பதிவுகள் பேச்சுமொழியிலேயே எழுதப்பட வேண்டும். திருத்திய உரைநடையில் அவருடைய தயக்கமும் அழுத்தமும் மறைந்துவிடும்.

இத்துறைக்கு ஓர் இடரும் உண்டு. துன்பத்தைத் தாங்கிய கதைகளைப் போற்றுவதிலேயே நின்றுவிட்டால், துன்பத்தை உண்டாக்கிய சாதி, கூலி, குடி, சொத்து ஆகியவை விசாரணையிலிருந்து தப்பிவிடும். கிருஷ்ணம்மாளின் வரலாற்றைக் கீழவெண்மணி இல்லாமல் எழுத முடியாது. வெற்றி பெறாதவர், தனித்து விடப்பட்டவர், பேச மறுத்தவர் ஆகியோருக்கும் ஆய்வில் இடம் வேண்டும்.

ஆய்வரங்குகள் மேற்கொள்ளத்தக்க பணிகள் இவற்றிலிருந்தே பெறப்படும். சுய உதவிக் குழுக்களின் தீர்மானப் புத்தகங்கள் செல்லரிக்குமுன் படியெடுக்கப்பட வேண்டும். நிலப் பதிவுகளில் பெண் பெயர்கள் ஊர்வாரியாகத் தொகுக்கப்பட வேண்டும். தறிக்காரர், பூப்பறிப்போர், ஆலைத் தொழிலாளர் எனத் தொழில்வாரியாகக் குரல் பதிவுகள் தொடங்க வேண்டும். பெயரை வெளியிடுவதா மறைப்பதா என்பதை வாழ்க்கையைச் சொன்ன பெண்ணே முடிவு செய்ய வேண்டும். எழுதிய பிரதியை அவருக்குப் படித்துக் காட்டி, அவர் சொல்லும் திருத்தத்தை ஏற்ற பிறகே அது ஆவணக் காப்பகத்துக்குச் செல்ல வேண்டும்.