கேப் மாறக்கூடாது



அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றாலும், அதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினை வைத்தே சொல்கிறேன்.

கனெக்டிங் ராடையும் அதன் கேப்பையும் சேர்த்துப் பூட்டித்தான் துளை கடைந்திருப்பார்கள். ஒன்றின் கேப் இன்னொன்றுக்குப் போனால் வட்டம் கோணும். பேரிங் சீக்கிரம் போயிடும். ஆகவே கழற்றுமுன் எண் இருக்கா பாருங்க. இல்லேன்னா நீங்களே குறியிடுங்கள். பிஸ்டனை மேலே எடுக்குமுன் சிலிண்டர் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வரம்பு தட்டினால் முதலில் அதை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் ரிங் உடையும்.

மாட்டும்போது போல்ட்தான் உயிர். நிமிடத்துக்கு 3000 சுற்றில் பிஸ்டன் வினாடிக்கு 100 தடவை நின்று திரும்புது. உச்சியில் திரும்பும்போது விழும் இழுப்பை ராடுக்கு இரண்டே போல்ட் தாங்கணும்! 'கையே சொல்லும் சார்' என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. டார்க் ரெஞ்சு வேண்டும். போல்ட் அறுந்தால் ராட் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும்.