இருசுக்கேற்ற உருக்கு

சங்கரன்கோவில் கரிசற்காட்டில் உழும் டிராக்டரின் இருசு ஓயாத முறுக்கலுக்கும் அதிர்ச்சிக்கும் ஆளாவது. சாதாரண உருக்கு அங்கே வளைந்துபோம். குரோமியம்-மாலிப்டினம் கலந்த உருக்குக் கம்பியே அதற்கு உகந்தது. நூற்றுக்குச் சுமார் 0.4 பங்கு கரியும், 1 பங்கு குரோமியமும், 0.2 பங்கு மாலிப்டினமும் அதிலுண்டு. மிகுதி பெரும்பாலும் இரும்பே. இவ்வளவு சொற்பக் கலப்பினால் தடித்த கம்பியின் உட்புறம் வரை கடினம் ஏறுகின்றது.

ஆனால் கொல்லர் வழக்கம்போல் இதனைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் வெடிப்பு விழக்கூடும். சுமார் 850 டிகிரி சென்டிகிரேடு காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, தாமதமின்றி மறுபடியும் மிதமாகச் சூடேற்றல் வேண்டும். பற்றவைக்கு முன்னும் கம்பியைச் சூடாக்கி, பின்னர் உலர்ந்த மணலில் மெல்ல ஆறவிடுதல் அவசியம். முறிந்த இருசை அவசரமாய் ஒட்டி ஓட்டுவது உயிருக்கே அபாயம்.

குரோமியம் இருப்பதால் துருவேறாதென எண்ணுதல் தவறு; எண்ணெய் பூசியே வைத்தல் வேண்டும். கண்ணால் கண்டு இவ்வுருக்கை அடையாளம் காணவியலாது; ஆகையால் சங்கத்தின் மூலம் வாங்குவோர் ஆலையின் கலவைச் சான்றிதழைக் கேட்டுப் பெறுவாராக.