யூரியா 48 என்று வந்தால்



டயாலிசிஸ் உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருகிறவர்களிடம் நாங்கள் இரண்டு கேள்விகள் கேட்பதுண்டு. சுகர் வந்து எத்தனை வருஷம்? சிறுநீர் டெஸ்ட் கடைசியாக எப்போது எடுத்தீர்கள்? முதலாவதற்கு உடனே பதில் வரும். இரண்டாவதற்கு, "எங்கேயும் வலிக்கவில்லையே" என்பார்கள். சிறுநீரகம் பெருமளவு பழுதாகும் வரை பெரும்பாலும் வலிக்காது. அதுதான் சங்கடம்.

இறைச்சி, மீன், பருப்பில் உள்ள புரதம் உடலில் செலவாகி மிஞ்சும் கழிவுதான் யூரியா. ஈரல் உண்டாக்குகிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. வெளியேறாதது இரத்தத்தில் தேங்கும். அங்கே 100 மில்லிக்கு ஏறக்குறைய 15 முதல் 40 மில்லிகிராம் வரை சரியான அளவு என்று லேப் தாளில் போட்டிருக்கும். 48 என்று வந்ததும் சில வீடுகளில் அழுகையே தொடங்கிவிடுகிறது. நோன்பு நாளில் அஸருக்குப் பிறகு இரத்தம் கொடுத்தாலும், வலீமா விருந்துக்கு மறுநாள் கொடுத்தாலும் யூரியா கூடலாம். கிரியேட்டினினையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்வார்.

சிறுநீரில் யூரியா எவ்வளவு போகிறது என்று பார்க்க 24 மணி நேரச் சிறுநீர் வேண்டும். இதில்தான் நம்மவர்கள் தவறிவிடுகிறார்கள். காலை 6 மணிக்குப் போகும் சிறுநீரைக் கேனில் பிடிக்கக் கூடாது. அதன்பின் போவதெல்லாம், மறுநாள் காலை 6 மணிக்குப் போவது உட்பட, கேனில் சேர வேண்டும். "கல்யாண வீட்டுக்குக் கேனையா தூக்கிக்கொண்டு போவது?" என்று ஒரு உம்மா கேட்டார். வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து எடுங்கள் என்றோம். ஃப்ரிட்ஜில் வைக்க மனம் ஒப்பாவிட்டால், குளியலறையில் ஐஸ் போட்ட வாளிக்குள் கேனை வைக்கலாம். ஒரு தடவை தவறிவிட்டால் லேபில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொடுத்தால் கணக்கு குறைந்து, நல்ல சிறுநீரகமும் கெட்டதாகத் தெரியும்.

இரத்தத்தில் கூடி, சிறுநீரில் குறைந்தால் உடனே கவனிக்க வேண்டும். சிறுநீரில் மட்டும் குறைந்தால், சாப்பாட்டில் புரதம் குறைவு என்பதாகவும் இருக்கலாம்.

சுகர், பிரஷர் உள்ளவர்கள் யூரியா ஏறும் வரை காத்திருக்க வேண்டாம். அதற்கு முன்பே சிறுநீரில் ஆல்புமின் கசியத் தொடங்கும். இதற்குக் கேன் தேவையில்லை, சின்ன டப்பாவில் காலைச் சிறுநீர் போதும். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். வருஷம் ஒரு முறையாவது பாருங்கள். மூட்டுவலிக்கு நாமாக மெடிக்கலில் வாங்கிப் போடும் மாத்திரை வேண்டவே வேண்டாம். சிறுநீரகக் குறை உள்ளவர்கள் ரமளானுக்கு முன்பே டாக்டரைக் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது.

பழைய லேப் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி வாரியாக ஓர் உறையில் வைத்துக் கொண்டுபோங்கள். இன்றைய எண்ணைவிட, மூன்று வருஷத்து எண்கள் எப்படி ஏறி வந்திருக்கின்றன என்பது டாக்டருக்கு அதிகம் சொல்லும்.