பரணில் இருந்த பெட்டி

(அறக்கட்டளையின் மாதாந்திர மகளிர் கூட்டத்தில் நம் ஊர்ச் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்தில் வழக்கமாக டாக்டர் வந்து சர்க்கரை நோயைப் பற்றிப் பேசுவார். கல்வி உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லித் தருவார்கள். நான் பேசப்போவது ஒரு வாட்டர் கலர் பெட்டியைப் பற்றி. இதற்கும் சமுதாய நலனுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பத்து நிமிடம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் பிறந்தது பத்தமடையில். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஓவியத்தில் லோயர், ஹையர் இரண்டு அரசுத் தேர்வும் எழுதி பாஸ் செய்தேன். டிராயிங் டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை. 20 வயதில் நிகாஹ் ஆனது. புகுந்த வீட்டில் யாரும் "வரையாதே" என்று சொல்லவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். என் மாமி நல்லவர்கள். ஒருநாள் நான் வரைந்துகொண்டிருந்தபோது, "இதுக்கெல்லாம் நேரம் இருக்காம்மா உனக்கு?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். அன்று மூடிய பெட்டி பரணுக்குப் போனது. பிள்ளைகள், அவர்கள் படிப்பு, மாமியின் நோய் என்று 31 வருடம் ஓடிவிட்டது.

கணவர் மௌத்தாகி, இத்தாவும் முடிந்த பிறகு பகல் பொழுது மிகவும் நீளமாக இருந்தது. பேத்தி தன் ஸ்கூல் சார்ட்டில் ஒரு ரோஜாப்பூ வரைந்து தரச் சொன்னாள். கை நடுங்கியது. இதழின் வளைவு வரவே இல்லை. ஹையர் பாஸ் செய்த கை! அன்று இரவே பரணில் இருந்து பெட்டியை இறக்கச் சொன்னேன். கலரெல்லாம் காய்ந்து வெடித்துப் போயிருந்தது. மறுநாள் புதிதாக ஒன்று வாங்கினேன்.

முதல் ஆறு மாதம் காலண்டரில் இருக்கும் அருவியையும், போனில் வரும் காட்சிகளையும் பார்த்துப் பார்த்து வரைந்தேன். பிள்ளைகள் "சூப்பர்மா" என்றார்கள். எனக்குத்தான் திருப்தி இல்லை. யாரோ வரைந்ததைத் திரும்ப வரைகிறேன், இதில் நான் எங்கே இருக்கிறேன் என்று மனசு கேட்டது.

அப்போது என் மகள் ஓர் ஓவியரைப் பற்றிச் சொன்னாள். பெயர் பாயா. சிரிக்காதீர்கள், ஆட்டுக்கால் பாயா இல்லை! அல்ஜீரியா நாட்டுப் பெண்மணி. 1931-இல் அல்ஜியர்ஸ் நகருக்குப் பக்கத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்த யத்தீம். பாட்டியிடம் வளர்ந்தார். முறையான ஓவியப் பயிற்சி கிடையாது. ஆனாலும் 1947-இல், 16 வயது நிறையும் முன்பே, பாரிஸில் அவருடைய கண்காட்சி நடந்தது.

1953-இல் ஓர் இசைக்கலைஞருக்கு வாழ்க்கைப்பட்டு பிளிதா என்ற ஊருக்குப் போனார். அதன்பின் ஏறக்குறைய பத்து வருடம் வரையவில்லை. குடும்பம், பிள்ளைகள். அந்த வருடங்களில்தான் நாட்டில் விடுதலைப் போரும் நடந்தது. 1963-இல் அல்ஜியர்ஸ் அருங்காட்சியகம் அவருடைய பழைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தது. அவர் மறுபடியும் தூரிகை எடுத்தார். ஆறு பிள்ளைகளை வளர்த்த அந்தத் தாய், 1998-இல் இறக்கும்வரை அதைக் கீழே வைக்கவில்லை.

இதில் என்னை யோசிக்க வைத்தது ஒரு விஷயம். திரும்பி வந்த பிறகு அவர் வரைந்த படங்களில், பூக்கள், பறவைகளோடு இசைக்கருவிகளும் நிறைய இடம் பிடித்தன. அவை புகுந்த வீட்டில் தினமும் கண்ணில் பட்டவை. அப்படியானால் வரையாமல் போன அந்தப் பத்து வருடமும் வீண் இல்லையே! என்னுடைய 31 வருடத்தில் எனக்குள் சேர்ந்தது என்ன?

யோசித்தபடி கீழே பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்தது உம்மா நெய்த பாய். கோரையை மெல்லிசாகக் கீறி, தாமிரபரணித் தண்ணீரில் ஊறப்போட்டு, சாயமேற்றி, என் நிகாஹுக்காக நெய்தார்கள். ஓரத்தில் எங்கள் இருவர் பெயரும் இருக்கும். உம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாப்பா தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, பாவு நூலை எண்ணி எண்ணி எழுத்துகளை நெய்தார்கள். அதைத்தான் இப்போது வரைகிறேன். பாயின் சிவப்புக் கரை, பச்சைக் கட்டம், சாயம் போன மூலை, உம்மாவின் கோணல் எழுத்து. என் படத்தைப் பார்த்த பக்கத்து வீட்டு லாத்தா, "இது பத்தமடைக்காரி கைவேலைதானே" என்றார்கள். அன்று பட்ட சந்தோஷம் ஹையர் பாஸ் செய்தபோதுகூடப் பட்டதில்லை.

உருவம் வரையலாமா என்று சிலர் கேட்கிறீர்கள். பாயா பெண்களையும் பறவைகளையும் வரைந்தார். நான் பின்னலும் கொடியும் இலையும்தான் வரைகிறேன். சந்தேகம் உள்ளவர்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கீழக்கரைப் பழைய ஜும்ஆ பள்ளிக்குப் போனால் கல்தூண்களைப் பாருங்கள். பூவும் கொடியுமாக எவ்வளவு அழகு!

கடைசியாக ஒன்று. சொல்ல வெட்கமாக இருக்கிறது. போன ரமலானுக்கு முன்னால் என் மருமகள் ஒரு நோட்டில் மருதாணி டிசைன் வரைந்துகொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கியது. நான் கேட்டேன், "இதுக்கெல்லாம் நேரம் இருக்காம்மா உனக்கு?" அதே வார்த்தை. அவள் பேசாமல் நோட்டை மூடினாள். 31 வருடம் முந்திய என் முகத்தையே பார்த்த மாதிரி இருந்தது. அன்று இரவு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம் இருவரும் ஒரே மேஜையில் உட்காருகிறோம். பாலை யார் முதலில் பார்க்கிறோமோ அவர் இறக்கி வைப்பது.

சகோதரிகளே, உங்கள் பரணில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வரைபடமோ, தையலோ, பாதியில் நின்ற படிப்போ, இறக்கித் தூசி தட்டுங்கள். முதல் ஆறு மாதம் கை நடுங்கும், பரவாயில்லை. அதைவிட முக்கியம், உங்கள் வீட்டுப் பெண் பிள்ளை பெட்டியை மூடுகிறாளா என்று கவனியுங்கள். மூட வைத்தது நம் வார்த்தையாக இருந்துவிட வேண்டாம்.

அல்லாஹ் நம் கைகளில் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.