ஊர்ச் செய்தியில் எமது ஊர்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எமது வகுப்புத் தோழியர் சார்பில் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். வைத்தியர் என்பதால் நீரிழிவைப் பற்றிப் பேசுவோம் என்று சிலர் அஞ்சியிருக்கலாம். இன்று அதற்கு விடுமுறை.

இந்த மலருக்காக நாம் பழைய பத்திரிகை நறுக்குகளைத் தேடினோம். பாடசாலையின் விளையாட்டைப் பற்றிக் கிடைத்தவை ஒரு கைப்பிடிக்குள் அடங்கின. வலைப்பந்தில் வென்ற அணிகளின் கேடயங்கள் அலுமாரியில் இருக்கின்றன. வென்ற பிள்ளைகளின் பெயர்கள் அச்சில் இல்லை. அப்போது எழுந்த கேள்விதான் இன்றைய பேச்சு: ஒரு செய்தியை 'எமது ஊர்ச் செய்தி' ஆக்குவது எது?

தூரம்தான் என்று தோன்றும். ஆனால் கண்டியின் விளையாட்டுப் பக்கங்களைப் பாருங்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளிப் பதக்கம் வென்று, இலங்கைக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்த டங்கன் வைட் பிறந்தது களுத்துறைப் பக்கத்து லத்பந்துரையில். படித்தது கண்டி திரித்துவக் கல்லூரியில். ஆகவே கண்டி அவரைத் தன் பிள்ளை என்கிறது. குமார் சங்கக்கார பிறந்தது மாத்தளையில். அவரும் அதே கல்லூரியால் கண்டிக்காரர். எமது நகரத்தில் ஊரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பாடசாலைச் சின்னமே. அதில் பிழையில்லை. ஆனால் அந்த அளவுகோலில் பெரிய மைதானமும் பெருஞ்சமரும் உள்ள சில ஆண்கள் பாடசாலைகளே முழுமையாகத் தெரிகின்றன. ரக்பி பருவத்தில் ஒரு வீரருக்குச் சுளுக்கு என்றாலும் செய்தி வரும். அதே கிழமையில் வத்தேகம கல்வி வலயத்தின் மெய்வல்லுநர் போட்டியில் ஒரு பெண்பிள்ளை மூன்று நிகழ்ச்சிகளில் முதலிடம் பெற்றாலும் ஒரு வரி வருவது அரிது.

முத்தையா முரளிதரனை எடுத்துக்கொள்வோம். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்டத்துக்கு வேலை தேடித் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். பேரன் 1972 இல் கண்டியில் பிறந்து, நாம் மாத்தளை ரயிலில் கடந்துபோகும் கட்டுகஸ்தோட்டையில், புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தார். 2007 டிசம்பர் 3 ஆம் திகதி அஸ்கிரிய மைதானத்தில் ஷேன் வோர்னின் 708 விக்கெட் சாதனையைத் தாண்டினார். அன்று அவர் கண்டிக்காரர், மலையகத்தவர், தமிழர், இலங்கையர் எல்லாமாகவும் இருந்தார். ஒருவருக்கு ஓர் ஊர்தான் என்பது செய்தி எழுதுவோரின் வசதிக்கான ஏற்பாடு. ஆனால் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: உலகச் சாதனைக்காரரை எல்லா ஊரும் உரிமை கொண்டாடும். வலயப் போட்டியில் ஓடும் பிள்ளையை உரிமை கொண்டாட அவள் ஊர் மட்டுமே உண்டு.

எமது தமிழ்ப் பத்திரிகைகளின் கதை வேறு. வீரகேசரி 1930 இலும் தினகரன் 1932 இலும் கொழும்பில் தொடங்கின. 1960களில் வீரகேசரி வெளியிட்ட 'தோட்ட மஞ்சரி' மலையகத்துக்கு ஒரு வாசலைத் திறந்தது. அதைக் கவனித்த எஸ்.எம். கார்மேகம் புதிய எழுத்தாளர்கள் பலரை வளர்த்தார். மலையகச் சிறுகதைப் போட்டிகளில் பரிசு பெற்றவை 1971 இல் 'கதைக் கனிகள்' என்ற நூலாயின. ஒரு பத்திரிகை இடம் ஒதுக்கினால் ஒரு தலைமுறை எழுதத் தொடங்கும் என்பதற்கு இது சான்று. இன்றும் பிராந்தியச் செய்திகளின் தலையில் நிருபரின் பெயருக்குப் பதிலாக ஊரின் பெயரே நிற்பதுண்டு. வத்துகாமம் நிருபர் என்று பார்த்தவுடன் எமக்கு நெஞ்சு நிமிரும். ஆனால் மலையகப் பக்கம் என்றால் ஹட்டனும் நுவரெலியாவும்தான் முன்னே வரும். கண்டிச் செய்தி என்றால் நகரமும் பெரஹராவும். பன்விலை, மடுல்கலைத் தோட்டங்கள் இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகின்றன.

இது விளையாட்டோடு நிற்பதில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் தோட்டப் பகுதிகளுக்குச் சபைகள் செலவு செய்வதைத் தடுத்திருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்தார்கள். தோட்டத்துப் பாதையைத் திருத்த அதே சபையால் இயலவில்லை. 2018 இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளாக 'உள்ளூராட்சி' என்ற சொல்லுக்குள்ளேயே எமது லயன்கள் உள்ளூர் இல்லை. சபையில் பேசப்படாத பாதை பத்திரிகையிலும் வராது. பாதை இல்லாத இடத்திலிருந்து பிரசவ வலியோடு வரும் தாய் வைத்தியசாலைக்குப் பிந்தித்தான் வருவாள். எமது தொழிலில் அந்தப் பிந்தலின் விலை தெரியும்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களைப் புதைத்தபோது உலகமே அந்தப் பெயரைக் கேட்டது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005 இலும் 2011 இலும் விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை சிறிய ஊர்ச் செய்தி. மரணம் தேசியச் செய்தி. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஆண்டுகளில்தான் உயிர்களைக் காத்திருக்கலாம். வைத்தியத்திலும் அப்படித்தான்: வருமுன் காப்பதற்குத் தலைப்புச் செய்தி கிடைப்பதில்லை.

எமக்கு இடம் கிடைக்கும்போதும் ஒரு குறை உண்டு. 'தோட்டத் தொழிலாளியின் மகள் சாதனை' என்று தலைப்பு வரும். கொழுந்து பறித்த கைகளால் வளர்ந்தவர்கள் நாம். அந்தத் தொழிலில் எமக்கு வெட்கம் எதுவுமில்லை. ஆனால் வங்கி முகாமையாளரின் மகள் சாதனை என்று எவரும் தலைப்பிடுவதில்லை. அவளுக்குப் பெயர் போடுகிறார்கள். எமது பிள்ளைக்கும் முதலில் பெயர், பிறகு பாடசாலை, பிறகு பயிற்றுவித்த ஆசிரியை. அம்மாவின் தொழிலை அந்தப் பிள்ளையே பெருமையோடு சொல்லட்டும்.

பத்திரிகைகளைக் குறைசொல்லிவிட்டுக் கலைவதற்காக நாம் கூடவில்லை. பிராந்திய நிருபர் பெரும்பாலும் வேறு தொழில் பார்த்துக்கொண்டே எழுதுபவர். யாரும் சொல்லாத செய்தி அவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, ஒவ்வொரு ஆண்டும் இரண்டு மாணவியரைச் செய்திப் பொறுப்பாளராக நியமித்து, போட்டி முடிந்த அன்றே பெறுபேற்றை முழுப் பெயர்களோடு தமிழிலும் சிங்களத்திலும் அனுப்பச் செய்வோம். கண்டியில் அயலவர் வாசிப்பது சிங்களப் பத்திரிகை. அவர்களும் எம்மை ஊர்க்காரராக அறியட்டும்.

இரண்டு, வெற்றியை மட்டும் அனுப்பாமல், வெடித்த மண்மேடு, உடைந்த பாலம், வராத பஸ் ஆகியவற்றையும் எழுதப் பழக்குவோம்.

மூன்று, 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் நீலகிரிக்கும் திருச்சிக்கும் போன அக்காமாரும், பிறகு கனடாவுக்கும் லண்டனுக்கும் போன தங்கைமாரும், தம்மிடமுள்ள அணிப் படங்களின் பின்புறம் பெயர்களை எழுதி ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்துக்கு அனுப்புங்கள். நீங்கள் எங்கு இருந்தாலும் வத்தேகம என்ற சொல்லைக் கண்டால் வாசிப்பை நிறுத்திப் பார்க்கிறீர்கள் அல்லவா? அப்படிப் பார்க்கும் கண்கள் இருக்கும்வரை அது உங்கள் ஊர்ச் செய்திதான்.

அடுத்த நூற்றாண்டின் மலரைத் தொகுப்பவர்களுக்கு அலுமாரிக் கேடயங்களோடு பிள்ளைகளின் பெயர்களும் கிடைக்கட்டும். அந்த வேலையை இந்தத் தவணையிலேயே தொடங்குவோம்.